கேளுங்கள், சொல்கிறேன்: கல்லாவின் சாவி யார் கையில்?

கேள்வி: உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்திருக்கிறேன். கல்லா பிளாசிடியா 425 முதல் 12 வருடம் மேற்கு உரோமை ஆண்டாள் என்று படித்தேன். உண்மையில் ஆண்டாளா? இல்லை, தளபதிகள் ஆண்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டார்களா?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: பிள்ளை, அந்தப் பெயரைப் பார்த்ததும் செட்டியார் தெருவில் இருந்த என் பெரியம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். பெரியப்பா போன பிறகு நகைக்கடைப் பலகையில் மகனின் பெயர் ஏறியது. மகனுக்கு வயது எட்டு. கல்லாப்பெட்டியின் சாவி பெரியம்மாவின் இடுப்பில். ஆனால் பொன் வாங்குவதும் பத்தரிடம் கொடுத்து வாங்குவதும் இரண்டு கணக்கப்பிள்ளைகள். அவர்கள் இருவரும் சேர்ந்துவிடக் கூடாதே என்ற யோசனையிலேயே பெரியம்மாவுக்குப் பாதி இரவு நித்திரை வராது.

கல்லா பிளாசிடியா பேரரசன் முதலாம் தியோடோசியஸின் மகள். தகப்பன் செத்ததும் மேற்கு அவளுடைய மாற்றாந்தாய் அண்ணன் ஹொனோரியஸுக்குப் போனது. 410இல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசன் அலாரிக் உரோமைச் சூறையாடிய காலத்தில் அவள் அவர்கள் கையில் பிணை. 414 ஜனவரியில் அவர்களுடைய அடுத்த அரசன் அதாவுல்ஃப் நர்போனில் வைத்து அவளைக் கல்யாணம் செய்தான். மாப்பிள்ளைக்கு உரோம உடை. பட்டு உடுத்திய 50 பையன்கள், ஆளுக்கு இரண்டு தட்டு: ஒன்றில் பொன், மற்றதில் இரத்தினக் கற்கள். எல்லாம் உரோமில் கொள்ளையடித்தவை. தாய்வீட்டுச் சாமானையே எடுத்து வந்து சீர் வைத்த மாப்பிள்ளையை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை!

அடுத்த வருடமே அவன் கொலையானான். 416இல் 6 இலட்சம் மோடியஸ் கோதுமைக்கு அவளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 4,000 தொன். 417 ஜனவரி முதலாம் திகதி, மாட்டேன் மாட்டேன் என்றவளின் கையைப் பிடித்துத் தளபதி கான்ஸ்டான்டியஸின் கையில் கொடுத்தான் அண்ணன். அவனும் 421இல் ஏழு மாதம் பேரரசனாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அப்புறம் அண்ணனோடு மனஸ்தாபம், பிள்ளைகளோடு கிழக்கு உரோமின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஓட்டம். 423இல் ஹொனோரியஸ் இறந்தான், அரியணையை ஜோஹன்னஸ் என்ற அதிகாரி பிடித்துக்கொண்டான். கிழக்கின் படை துணைக்கு வர, 425 ஒக்டோபரில் அவளுடைய ஆறு வயது மகன் மூன்றாம் வாலன்டினியன் உரோமில் முடிசூடினான்.

இனி உன் கேள்வி. 426இல் ஒரு சட்டம் வந்தது: வழக்குகளில் பாப்பினியன், பவுலஸ், காயஸ், உல்பியன், மொடெஸ்டினஸ் ஆகிய ஐந்து சட்ட அறிஞர்களின் கருத்துக்கே முதலிடம், கருத்து பிரிந்தால் பெரும்பான்மை, சரிபாதியாக நின்றால் பாப்பினியன் சொன்னது. 429இல் இன்னொன்று: அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று. இரண்டும் வாலன்டினியன் பெயரில். ஏழு வயதுப் பொடியன் உல்பியனைப் படித்திருப்பானா? எழுதியவர்கள் அரண்மனைச் சட்டக்காரர்கள். அவர்களை வைத்திருந்தது தாய். ஆகவே ஆண்டாள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் படை அவள் கையில் இல்லை. ஃபெலிக்ஸ், பொனிஃபேசியஸ், ஏட்டியஸ் என்று மூன்று தளபதிகள். ஏட்டியஸ் அந்த ஜோஹன்னஸுக்கு உதவ ஹூணர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன். மூன்று நாள் பிந்திவிட்டான். அவனையும் தண்டிக்க முடியாமல் பதவி கொடுத்துக் கோல் நாட்டுக்கு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) அனுப்பினாள். 430இல் ஃபெலிக்ஸ் கொலை. 432இல் ஆபிரிக்காவிலிருந்து பொனிஃபேசியஸை வரவழைத்து ஏட்டியஸுக்கு எதிரே நிறுத்தினாள். ரிமினிக்குப் பக்கத்தில் சண்டை. பொனிஃபேசியஸ் வென்றான், பட்ட காயத்தில் செத்தும் போனான். அடுத்த வருடம் ஹூணர்களின் துணையோடு ஏட்டியஸ் திரும்பி வந்தான். மூன்று பேர் இருந்தால் ஒருவனைக் காட்டி மற்றவனை அடக்கலாம். ஒருவனே மிஞ்சினால் என்ன செய்வது? புத்தகம் 437 வரை ஆண்டாள் என்று சொல்லும். என் கணக்கில் 433.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் நாட்டில் இப்படி யாராவது?
– வாசகர், தெஹிவளை

பதில்: நம் அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான சூளவம்சம் சங்கா என்ற ஒருத்தியைச் சொல்கிறது. மகாநாம அரசனின் பட்டத்தரசிக்குப் பிறந்த மகள். தமிழ்ப் பெண்ணுக்குப் பிறந்த மகன் சொத்திசேனன் அரசனான அன்றே அவனைக் கொன்று, முரசு அறைவித்து, குடை பிடிக்கும் உத்தியோகத்தில் இருந்த தன் கணவனிடம் நாட்டைக் கொடுத்தாள். அநுராதபுரத்தில் இது நடந்தது பிளாசிடியாவின் காலத்திலேயே. கணவன் தாக்குப்பிடித்தது ஒரு வருடம். அந்தக் காலத்து உரோமக் காசைப் பார்க்க ஆசையென்றால் கொழும்பு நூதனசாலைக்குப் போங்கள். இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள்தான்.

கேள்வி: ரவென்னாவில் அவருடைய சமாதியைப் பார்த்து வந்தேன். உள்ளே நீலக் கூரை முழுக்கப் பொன் நட்சத்திரம். அங்கேதான் அடக்கமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள்! ஆனால் அவள் 450 நவம்பர் 27இல் இறந்தது உரோமில். அடக்கமும் அங்கேதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் எண்ணம்.

இன்னொரு பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதாவுல்ஃபுக்குப் பிறந்த மகனுக்குத் தன் தகப்பனின் பெயரை, தியோடோசியஸ் என்றே வைத்திருந்தாள். கைக்குழந்தையாகவே போனவனை வெள்ளிப் பெட்டியில் வைத்துப் பார்சிலோனாவுக்கு வெளியே அடக்கம் செய்தார்கள். 450இல் பாப்பரசர் லியோவும் செனட் சபையும் கூட வர, தியோடோசியஸ் என்ற ஒருவரின் உடலை அவள் புனித பேதுரு ஆலயத்துக்குக் கொண்டுபோய் வைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அது அந்தக் குழந்தைதான் என்று கருதுகிறார்கள். 35 வருடம் கழித்து.