இறுதிவரை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு பூசையில், இறுதிவரை நிலைத்திருப்பவரே மீட்படைவார் என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தை வைத்துப் பாதர் பிரசங்கம் செய்தார். இலத்தீனில் இதைப் 'பெர்செவெராந்தியா' என்பார்களாம். நாம் சொல்லும் விடாமுயற்சிதானா அது? இருபது வருஷமாக நான் ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை. என் அண்ணா கோயிலை விட்டே போய்விட்டார். அவருக்கு நிலைத்திருத்தல் இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்? மீட்கப்பட்டவர் விழவே மாட்டார் என்று ஒல்லாந்த (டச்சுச் சீர்திருத்த) சபையார் சொல்வது சரியா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நவம்பர், இறந்தோரின் மாதம். மாமாவை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

இலத்தீனை முதலில் முடித்துவிடுகிறேன். நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவில் அசையாமல் நிற்பதைத்தான் பழைய உரோமைப் பேச்சாளர் சிசரோ அப்படிச் சொன்னார். அவருக்கு அது வீரத்தின் ஒரு பகுதி. நம் திருச்சபையின் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, பிடிவாதத்தை அதற்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக வைத்தார். இந்த அளவில் விடாமுயற்சி என்றாலும் குறைவில்லை.

ஒல்லாந்தர் விஷயம் பழைய வழக்கு. மீட்புக்கென்று தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கடவுள் இறுதியில் கைவிடமாட்டார் என்று 1618–19 இல் அவர்களுடைய டோர்ட் சங்கம் முடிவெடுத்தது. அந்தச் சபையார் கட்டி 1757 இல் திறந்த கோயில் இன்றும் கொழும்பு வுல்வெண்டாலில் நிற்கிறது. கடவுளிடமிருந்து தனி வெளிப்பாடு கிடைத்தாலொழிய, இறுதிவரை நிற்கும் பெருங்கொடை தனக்கு உண்டென்று எவரும் நிச்சயமாகச் சொல்லக்கூடாது என்று அதற்கு முன்பே, 1547 இல், நம் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் சொல்லியிருந்தது. இரண்டு சபையாரும் கொழும்பில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்து செத்திருக்கிறார்கள். நானும் நீங்களும் அதைத் தீர்க்கப்போவதில்லை.

"இருபது வருஷம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. யார் உங்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தந்தது? பழைய திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனார் சாவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, 428–29 அளவில், நிலைத்திருத்தல் என்னும் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: ஒருவன் உயிரோடிருக்கும்வரை அந்தக் கொடை அவனுக்குக் கிடைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருஷம் விசுவாசியாக இருந்து சாவுக்குச் சற்று முன் விழுந்தவனைவிட, ஒரே வருஷம் விசுவாசித்து அதிலேயே இறந்தவனுக்குத்தான் அது இருந்தது. திரும்ப வாசியுங்கள், தம்பி. உங்கள் இருபது வருஷத்துக்கு அங்கே இடமே இல்லை. இன்று காலை மனம் திரும்பிய குடிகாரனுக்கு முன்னால்கூட நீங்கள் அதை நீட்ட முடியாது. கர்த்தர் கற்பித்த செபத்தின் மன்றாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கொடையைத்தான் கேட்கின்றன என்று, தனக்கு முந்திய ஆயர் சிப்ரியானை வைத்து அதே நூலில் காட்டுகிறார். கேட்டு வாங்குவதை உழைத்துச் சேர்த்ததாகச் சொல்லலாமா?

மாமா 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்கவில்லை. வீடு எரிந்தது, அதற்குமேல் அவர் காரணம் சொன்னதில்லை. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் மாமி பின்னேரங்களில் செபமாலை சொல்லுவா. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று ஒவ்வொரு மணியிலும் வரும். மாமா விறாந்தையில் கதிரையைப் போட்டு இருப்பார். வாய் திறக்கமாட்டார், எழும்பிப் போகவும் மாட்டார். செத்தவீட்டில் ஒரு சொந்தக்காரர், "விசுவாசத்தை விட்ட மனுசன்" என்றார். மாமி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டா: "கடைசி மூச்சில அவர் என்னத்தை நினைச்சவர் எண்டு உமக்குத் தெரியுமோ?" அந்த மனிதருக்குப் பதில் வரவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாமலேதான் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன்.

உங்கள் அண்ணா உயிரோடு இருக்கிறார். அதற்குள் தீர்ப்பு எழுத உங்களுக்கு என்ன அவசரம்? பூசைக்குப் போவது நல்லது, தொடர்ந்து போங்கள். உங்கள் மனதில் விசுவாசம் இருப்பதும் எனக்குத் தெரிகிறது. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்படியே அண்ணா வீட்டுக்குப் போங்கள். பாதரின் பிரசங்கத்தைக் கொண்டுபோக வேண்டாம். அவர் ஏன் விட்டுப் போனார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்டதே இல்லைப் போலிருக்கிறது. அதைக் கேளுங்கள்.