வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி: கேட்டவையும் என் பதில்களும்

பதினேழு வருடமாக, தீராத நோய் உள்ளவர்களின் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற வலிநிவாரணப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அதில் பாதி நேரம், நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கும் மருமகளுக்கும் கணவருக்கும் கற்றுக்கொடுப்பதில்தான் போகிறது. அந்தப் பயிற்சியால் வீட்டுக்கும் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன ஆகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சிஸ்டர், மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "நம்ம வீட்டு ஆளைப் பார்க்கப் பயிற்சி எதுக்கு?" என்கிறார்கள். உண்மையிலேயே வேண்டுமா? (மருமகள், தேனி)

வேண்டும் அம்மா. கண்ணும் கருத்துமாகப் பார்த்த வீடுகளிலேயே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மகள் காலையும் மாலையும் அம்மாவைத் துடைத்து, பவுடர் போட்டு, சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் சிவந்திருந்ததைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தாள். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் நசுங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கை நனையாமல் இருக்கட்டும் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையும் குறைத்துவிட்டாள். மூன்று வாரத்தில் புண், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உளறல். 108 வந்து ஏற்றிப் போனது. வார்டில் பத்து நாள். மகளுக்குப் பத்து நாள் கூலி போச்சு.

அதைத் தடுக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு துணிச்சுருள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

உங்கள் மாமியாரைத் தூக்கும்போது வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துச் சோறு கொடுங்கள், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரை ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்தால் ஆபத்து.

ஒரு வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்த வீட்டுக்கு நல்லது, சரி. ஊருக்கு என்ன? பஞ்சாயத்தில் பேச எனக்கு ஒரு காரணம் வேண்டும். (வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை)

கேரளாவில் மலப்புறத்தைச் சொல்லுங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய வலிநிவாரணச் சேவையில், தூரத்திலிருந்து நோயாளியைக் கூட்டி வருவதே பெரிய பாடாக இருந்தது. 2001-இல் மலப்புறத்தில் அந்த வேலையை அக்கம்பக்கத்தாரிடமே கொண்டுபோனார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எல்லாரும் வந்தார்கள். செலவில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் போட்ட சின்னச் சின்னக் காசுதான். 2008-இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வெளியிட்டது, உள்ளாட்சிகளும் உள்ளே வந்தன.

பயிற்சி எடுத்தவர் புண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ரேஷன் வரவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான் என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். நான் வேலை பார்க்கும் பக்கமும் இதைப் பார்க்கிறேன். புருஷனுக்கு யூரின் டியூப் பராமரிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைத் தேடி, அடுத்த தெருவிலிருந்து ஆள் வருகிறார்கள். "பையை இடுப்புக்கு மேலே தூக்காதே, தரையிலும் வைக்காதே" என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். அந்தத் தெருவுக்கு நான் போக வேண்டிய தடவை குறைந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் போட வேண்டிய இடத்தில் ஆள் போடாமல், வீட்டுப் பெண்கள் தலையில் கட்டுவதற்குத்தானே இந்தப் "பயிற்சி"? (ஆசிரியை, திருச்சி)

கோபமே இல்லை டீச்சர், இந்தக் கேள்வி கட்டாயம் வரவேண்டும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும் பிறர் உதவி இல்லாமல் முடியாதவர்களும் சேர்த்து இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

முதலில் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வார்டில் இருக்கிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியதை மருமகளால் செய்ய முடியாது. புண்ணையும் புரையையும் தடுக்கலாம், வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கலாம், எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் ஆள் வேண்டும்.

ஆள் வருகிற இடத்தில்தான் பயிற்சிக்கு மதிப்பு. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலிநிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்கள். செவிலியருக்கு அன்றைக்கு எத்தனையோ வீடு இருக்கும். கற்றுக்கொண்ட குடும்பம், "நேத்து ராத்திரியிலிருந்து சிறுநீர் கலங்கலா வருது, இடது குதிகால் சிவந்திருக்கு" என்று வாசலிலேயே சொல்லிவிடும். கற்றுக்கொள்ளாத குடும்பம், "அப்படியேதான் இருக்காங்க" என்று சொல்லும். முதல் வீட்டில் செவிலியர் இருக்கிற இருபது நிமிஷமும் வேலைக்கு ஆகிறது.

பெண்கள் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதற்காக என் வகுப்புக்கு வீட்டுக்கு இரண்டு பேர் வரச் சொல்கிறேன், அதில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும்.

அம்மாவைக் குளிப்பாட்டக் கூச்சமாக இருக்கிறது அக்கா. வீட்டில் நான் ஒருவன்தான். (சென்னை)

கூச்சம் உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி, அம்மாவுக்கும்தான் இருக்கும். ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடிவிடுங்கள். கை அசைகிற அளவுக்கு இருந்தால் மறைவிடத்தை அவர்களையே துடைக்கச் சொல்லி ஈரத்துணியைக் கையில் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பையனுக்கு மூளை முடக்குவாதம், மூன்று வயது. தெரபிக்குப் போய்வரவே நாள் போகிறது. (அம்மா, தென்காசி)

பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கியது; அவரே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்கே வந்து, தூக்குவது, உட்கார வைப்பது, ஊட்டுவது எல்லாவற்றையும் தாய்க்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். பின்னால் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். போய்க் கேளுங்கள். மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் பையனைச் சேருங்கள், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

அப்பாவுக்கு மறதி நோய். ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கிறார். கத்திவிடுகிறேன், அப்புறம் அழுகிறேன். (மகள், கோவை)

நீங்கள் கெட்ட மகள் இல்லை. தூங்காத மகள். கோவாவில் மறதி நோயாளி இருக்கிற 81 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. ஒரு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாதம் வீட்டுக்கு வந்து போனார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் தெளிவாகக் குறைந்தது.

"இப்பத்தானே சொன்னேன்" என்பதை விட்டுவிடுங்கள், அவருக்கு அந்த "இப்ப" இல்லை. "அம்மா எங்கே?" என்று கேட்டால், "அம்மா ஞாபகமா இருக்காப்பா? என்ன சமைப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கேள்விக்குப் பின்னால் இருக்கிற தவிப்பு அடங்கும். வாரத்துக்கு ஒரு மதியம் வேறு யாராவது உட்காரட்டும். முடியாதபோது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் மேடம். சர்டிபிகேட் எடுத்தால் பயன் உண்டா? (விழுப்புரம்)

உண்டு. அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் வீட்டுச் சுகாதார உதவியாளர் படிப்பு இருக்கிறது, எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவுவதும் இவர் வேலைதான் என்று நினைக்கிற வீட்டில், உங்கள் வேலை எது என்று சொல்ல ஒரு காகிதம் கையில் இருக்கும். ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், இடுப்பை அல்ல. இந்தத் தொழிலில் முதலில் போவது இடுப்புதான்.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது? (பலர்)

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், வலிநிவாரணச் செவிலியர் எந்தக் கிழமை உங்கள் ஊருக்கு வருகிறார் என்று கேளுங்கள். அன்றைக்கு வீட்டில் இரண்டு பேர் இருங்கள். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு, "இப்ப நான் செய்யறேன், நீங்க பாருங்க" என்று சொல்லுங்கள். முதியவர்களுக்கான மற்ற உதவிக்கு 14567 என்ற எண்ணில் பேசுங்கள்.