‘நல்லா இருந்தது’ என்று மட்டும் சொல்லும் தோழிகளிடம் என்ன கேட்பது?

கேள்வி: ஹட்டனில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறேன். அடுத்த மாதம் தேயிலை வாட்டுதல், அதாவது பறித்த கொழுந்தின் ஈரத்தைக் குறைப்பது பற்றி 10 நிமிட முன்வைப்பு செய்ய வேண்டும். தோழிகள் முன்னால் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். எல்லோரும் ‘நல்லா இருந்தது’ என்கிறார்கள். ஒருத்தி மட்டும் ‘இன்னும் தைரியமாப் பேசு’ என்றாள். இதை வைத்து எதைத் திருத்துவது?

பதில்: ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் மனம் நோகாத பதில்தான் வரும். அபிப்பிராயம் கேட்காமல், பேசத் தொடங்கும் முன்பே ஆளுக்கொரு வேலை கொடுங்கள். மூன்று பேர் போதும். பேச்சைப் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

ஒருத்தி கடைசி வாங்கில் உட்காரட்டும். சொல் காதில் விழாத இடமெல்லாம் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். வசனத்தின் முடிவில் குரல் இறங்கிவிடுவது பலருக்கும் உள்ள பழக்கம். தமிழில் வினைச்சொல் அங்கேதான் நிற்கிறது. ‘இலையை அளவுக்கு மேல் வாட்டக் கூடாது’ என்பதில் ‘கூடாது’ அமுங்கிப்போனால் பொருளே தலைகீழ். தகரக் கூரையில் மழை அடிக்கும் நாளில் ஒரு தடவை கட்டாயம் பேசிப் பாருங்கள். எந்தச் சொல் விழுங்கப்படுகிறது என்பது அன்று தெரிந்துவிடும்.

இன்னொருத்தி ‘வந்து’, ‘அதாவது’ என்று நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு தடவையும், ஸ்லைட்டைப் பார்த்து வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு எண்ணட்டும்.

மூன்றாமவள் எதையும் குறிக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். முடிந்ததும் நீங்கள் சொன்னது என்னவென்று ஒரே வசனத்தில் எழுத வேண்டும். ‘ஈரம் குறைந்து இலை துவண்டால்தான் உருட்டும்போது நொறுங்காது’ என்பதைச் சொல்ல நினைத்தீர்கள். அவளோ ‘தொழிற்சாலையில் நிறைய இயந்திரங்கள் இருக்கின்றன’ என்று எழுதுகிறாள். அப்படியானால் குரலில் பிழையில்லை, சொல்லிய ஒழுங்கில்தான் பிழை. மூன்றில் அதிகம் உதவுவது இந்தத் தாள்தான். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையை இதற்கு வைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் அவளே நிரப்பிக்கொள்வாள்.

முடிந்தவுடன் மூவரும் பேசாமல் 2 நிமிடம் எழுதட்டும். ஒருத்தி முதலில் வாய் திறந்தால் மற்றவர்களும் அதையே சொல்வார்கள். ‘4ஆம் நிமிடம் படத்தின் பக்கம் திரும்பிப் பேசினாய், எனக்கு இரண்டு வசனம் கேட்கவில்லை’ என்பதுபோல் நேரம், கண்டது, தனக்கு நேர்ந்தது மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். ‘தைரியமாப் பேசு’ என்றவளிடம் ‘எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘அது ஏனென்றால்’ என்று விளக்கத் தொடங்கினால் அடுத்த தடவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

‘தோட்டத்துப் பேச்சு வருது’ என்று ஒரு குறிப்பு வந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். அது பின்னூட்டல் அல்ல, ஏளனம். ஸ்டோர், கொழுந்து எல்லாம் நம் மலையகத்தில் வாழும் சொற்கள். வெளியூரார் இருக்கும் சபையென்றால் முதல் தடவை ‘தேயிலைத் தொழிற்சாலை, நாங்கள் ஸ்டோர் என்போம்’ என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

இருவர் ஒரே இடத்தைக் குறித்திருந்தால் அதைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் குறித்திருந்தால் போனில் பதிந்ததை அந்த நிமிடத்தில் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு திருத்தம் போதும். ஐந்தைப் பிடித்தால் நாக்கு குழறும். திருத்திய 2 நிமிடப் பகுதியை மட்டும் அன்றைக்கே, அதே கடைசி வாங்குக்காரியிடம் மறுபடி பேசிக் காட்டுங்கள்.