சாதித்த பெண்ணிடம் மட்டும் ஏன் வீட்டுக் கணக்கு கேட்கிறார்கள்?

வேலையை எடைபோட விஷயம் தெரிய வேண்டும். குடும்பத்தை எடைபோட வாய் போதும். அதுதான் காரணம்.

விடுதலைப் போராட்ட வீராங்கனை, கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாளைப் பாருங்கள். 1927இல் சென்னையில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் 9 வயது மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். ஆனாலும் அவர் பேச்சை எடுத்தால், 'பிள்ளையோடயா ஜெயிலுக்குப் போவாங்க?' என்று யாராவது கேட்பார்கள். கணவரும் போராட்டக்காரர்தான். பிள்ளையை யாரிடம் விட்டார் என்று அவரைக் கேட்க எவருக்கும் தோன்றாது.

பாராட்டிலும் இதே கோளாறு உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாதித்த பெண்ணுக்கு நடக்கும் விழாவுக்கு வாழ்த்துரை எழுதுகிறீர்களா? 'வீட்டையும் கவனித்துக்கொண்டே' என்ற வரியை ஓர் ஆண் அதிகாரியின் பெயருக்கு முன்னால் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். சிரிப்பு வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.