சிறுவயதுக் காயமும் கண்ணாடியில் தெரியும் உடம்பும்

"19 வயதுத் தங்கை எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஆனாலும் குண்டாக இருப்பதாகச் சொல்லிச் சாப்பிட மறுக்கிறாள். வீட்டில் சண்டையும் அடியும் பார்த்து வளர்ந்ததுதான் காரணமா?" என்று அம்பத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதுபோன்ற உணவுக் கோளாறில் பரம்பரைக்கும் பங்கு இருப்பதை இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடை குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்தினார். நன்றாக இளைத்து வந்தவர்களே பாதியில் விலகினார்கள். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பருமனான உடம்பு அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. உங்கள் தங்கைக்கு நேரெதிராகத் தோன்றும், ஆனால் வேர் ஒன்றாக இருக்கலாம்: வீட்டில் எதுவும் தன் கையில் இல்லாத குழந்தைக்குத் தட்டில் இருப்பது மட்டும் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடியைப் போலவே சுடுசொல்லும் ஆழமாக இறங்கும். கல்யாண வீட்டில் "என்னடி இப்படி ஊதிட்டே?" என்று அத்தை கேட்பது நமக்குச் சாதாரணம், ஏற்கெனவே வெட்கத்தில் குறுகியிருக்கும் பிள்ளைக்கு அது தீர்ப்பு.

"கண்ணாடியைப் பாரு" என்று வாதாடாதீர்கள். நீங்கள் பார்க்கும் உடம்பை அவள் பார்ப்பதில்லை. பட்டினி கிடந்தவளுக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மயக்கம் வந்தாலோ மாதவிடாய் நின்றிருந்தாலோ முதலில் பொது மருத்துவரிடம் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.