கணவர் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் தரலாமா?

கேள்வி: வயது 67. ஓய்வுபெற்ற பேராசிரியை. மாத ஓய்வூதியம் 50 ஆயிரம், வங்கி வைப்பு 40 லட்சம். மறைந்த என் கணவர் படித்த அரசுப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கு அவர் பெயரில் 10 லட்சத்தில் அறக்கட்டளை வைக்க ஆசை. நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவில் வருமான வரி மிச்சமாகும் என்கிறார் தம்பி. சரியா?

பதில்: அம்மா, முதலில் தம்பியின் கணக்கை ஓரமாக வையுங்கள். ஓய்வூதியம் ஆண்டுக்கு 6 லட்சம், 7 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 2.8 லட்சம், ஆக மொத்தம் 8.8 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உங்களுக்கு வரியே வராது, ஆனால் அதில் 80ஜி கிடையாது. அந்தச் சலுகைக்காகப் பழைய முறைக்குப் போனால் நன்கொடைக் கழிவெல்லாம் போக சுமார் 60 ஆயிரம் ரூபாய் வரி கட்ட வேண்டிவரும். பொதுவாக நன்கொடையில் பாதிதான் கழியும், அதுவும் வருமானத்தில் 10 சதவீதத்துக்குள் வரும் தொகைக்குத்தான். வரிக்காகத் தராதீர்கள்.

அப்புறம், 10 லட்சம் போனால் மாதம் 6 ஆயிரம் ரூபாய் வட்டி குறையும். மருத்துவச் செலவுக்கு மீதி 30 லட்சம் போதும் என்று தோன்றினால் மட்டும் மேலே போகலாம்.

எனக்குத் தயக்கம் அசலை அப்படியே வைத்து வட்டியை மட்டும் செலவழிக்கும் 'நிரந்தர அறக்கட்டளை' என்பதில்தான். நான் படித்த இடத்தில் எப்போதோ ஒருவர் 5 ஆயிரம் ரூபாய் போட்டுத் தங்கப் பதக்கம் வைத்தார், அந்த வட்டியில் இன்று தங்க முலாம்கூடப் பூச முடியாது என்பதால் முதல் மாணவிக்குச் சான்றிதழோடு 350 ரூபாய்க்கு ஒரு காசோலை தந்தார்கள், அதை வங்கியில் போடப் போய்வந்த ஆட்டோவுக்கே பாதி போய்விட்டது என்று அந்தப் பெண் சிரித்தாள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது இதனால்தான்: அசலைத் தொடக்கூடாது, வருமானத்திலும் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும், மிச்சத்தில் பேராசிரியருக்குச் சம்பளம். இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கியும் அது போதவில்லை, தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, ஊர் உலகமெல்லாம் கைகொடுத்தது.

உங்கள் 10 லட்சத்தில் கிடைப்பது ஆண்டுக்கு 70 ஆயிரம். அதற்குப் பதில், ஆண்டுக்கு 2 லட்சமாக ஐந்து ஆண்டுகளில் முழுவதையும் செலவழிக்கத் தாருங்களேன். கொல்லிமலைக்குச் செடி சேகரிக்கப் போகிற ஆய்வு மாணவர் பஸ் டிக்கெட், லாட்ஜ் வாடகை, ஏன், செடியை அழுத்திக் காயவைக்கும் பழைய செய்தித்தாள் வரை கைக்காசைப் போடுவார். நாலைந்து பேருக்கு அது பெரிய உதவி. உங்கள் கணவர் பெயரிலேயே 'களப்பயண நிதி' என்று வைக்கலாம்.

நிரந்தரமாகத்தான் வேண்டும் என்றால், வட்டியில் கால் பங்காவது ஆண்டுதோறும் அசலோடு சேர வேண்டும், துறையை வேறொன்றோடு இணைத்தால் பணம் எங்கே போக வேண்டும் என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆட்சிக்குழு ஒப்புதல் வரும் வரை பணம் நகரக்கூடாது. வரைவோலை பதிவாளர் பெயரில் இருக்கட்டும், துறைத்தலைவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவர் கணக்கில் போடாதீர்கள்.

இப்போதைக்கு 2 லட்சம் மட்டும் கொடுங்கள். மீதி 8 லட்சம் உங்கள் வைப்பிலேயே கிடக்கட்டும், உயிலில் அந்த நிதிக்கு என்று எழுதிவைக்கலாம். அடுத்த ஜூனில் யார் எந்த மலைக்குப் போனார், எவ்வளவு செலவு என்று ஒரு பக்கக் கணக்கு கேளுங்கள். அது வந்த பிறகு அடுத்த 2 லட்சம்.