கோரி மீன் குஞ்சுகள் ஆறாம் நாளில் ஏன் இறக்கின்றன?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல் மீன்களோடு தரையில் மேயும் சிறு கெளுத்தி வகையான வெண்கலக் கோரி மீன்கள் ஆறு இருக்கின்றன. ஐப்பசி மழையின்போது அவை கண்ணாடியில் முட்டை இட்டன. முதல் முறை விடிவதற்குள் ஒரு முட்டையும் மிஞ்சவில்லை. அடுத்த முறை உடனே பிளேடால் சுரண்டி எடுத்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ மருந்து கலந்த ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓட விட்டேன். சிறுவாணித் தண்ணீர் போதவில்லை என்பதால் டப்புக்கு போர் தண்ணீர்தான். பாதி முட்டைகள் பூஞ்சை பிடித்து வெளுத்துவிட்டன, மீதி பொரிந்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுத்து வந்தேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கடைக்காரர் நோய் என்கிறார். என்னதான் நடந்திருக்கும்? தொட்டியில் ஒரு சக்கர் மீனும் உண்டு. அதையும் வீட்டில் பெருக்க முடியுமா?

பதில்: நோயாகத் தெரியவில்லை. நோய் என்றால் ஒன்றிரண்டாகச் சாகும். ஒரே இரவில் கூண்டோடு போனால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் மூன்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

முதலாவது மஞ்சள் கரு. மீன் குஞ்சு என்றாலே மஞ்சள் கரு என்பது நம் ஊரில் பழகிப்போன யோசனை. கொழுப்பும் புரதமும் மிகுந்த அந்தக் கரைசலில் குஞ்சுகள் தின்பது சொற்பம். மீதியெல்லாம் தரையில் மெல்லிய படலமாகப் படிந்து சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். நடுநீரில் நீந்தும் மீன்களின் குஞ்சுகளாவது அந்தப் படலத்திலிருந்து தள்ளி இருக்கும். கோரிக் குஞ்சு வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கும் உயிர். தொட்டியில் அழுக்கு எங்கே சேருகிறதோ அங்கேதான் அது மூச்சு விடுகிறது, இரை தேடுகிறது, தூங்குகிறது. மேலே தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும், தரையை ஒட்டிய அந்த ஒரு சென்டிமீட்டரில் ஆக்சிஜன் தீர்ந்து அம்மோனியா ஏறியிருக்கும். கெளுத்தி இனக் குஞ்சுகளுக்கு என்ன தீனி போடலாம் என்று கேட்பவர்கள் அதிகம். தரையை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. இழப்பு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

இரண்டாவது, மெத்திலீன் புளூவும் ஃபில்டரும் ஒரே டப்பில் இருந்தது. அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியேறிய பிறகுதான் ஸ்பாஞ்ச் ஃபில்டர் உண்மையில் வேலை செய்யும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். உங்களுடையதோ புதியது. பழையதாக இருந்திருந்தாலும் அந்த நீல மருந்து பூஞ்சையோடு நல்ல பாக்டீரியாவையும் கெடுத்திருக்கும். ஆக, உங்கள் டப்பில் ஓடியது வெறும் குமிழி எழுப்பும் பஞ்சு.

மூன்றாவது போர் தண்ணீர். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் கடும் நச்சு. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமாகவும் காரத்தன்மை கூடியதாகவும் இருக்கும். பெரிய தொட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கழிவு அந்தச் சிறிய டப்பில் விஷமாகிவிட்டது. அடுத்த முறை முட்டைகள் எந்தத் தொட்டியில் இடப்பட்டனவோ அந்தத் தொட்டியின் தண்ணீரையே எடுத்து ஊற்றுங்கள். அதற்குப் பிறகு மாற்றும் நீரும் குளோரின் நீங்கிய சிறுவாணித் தண்ணீராகவே இருக்கட்டும். குஞ்சுத் தொட்டிக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சில லிட்டர்தான். அதை ஒரு மூடிய வாளியில் சேமித்து வைப்பது கடினமில்லை.

இனி முட்டைகளுக்கு வருவோம். மழைக்காலத்தில் அவை முட்டை இட்டது தற்செயலல்ல. தென் அமெரிக்காவில் மழை இறங்கி ஆற்று நீர் குளிரும் காலம்தான் இவற்றின் இனப்பெருக்கக் காலம். வடகிழக்குப் பருவமழையும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரும் சேர்ந்து அதே சைகையைக் கொடுத்துவிடுகின்றன. மழைக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரண்டு வாரம் புழு வகை உணவுகளைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை எடுத்து, மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த நீரை நிரப்பினால் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இணையத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இதை முயல வேண்டாம். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் காலத்தில் அவை உயிரோடு இருப்பதே பெரிது.

பாதி முட்டைகள் வெளுத்ததற்குப் பெரும்பாலும் அவை கருவுறாததே காரணம். மேலிருந்து பாருங்கள். பெண் மீன் வயிற்றுப் பக்கம் அகன்று தடித்திருக்கும், ஆண் ஒல்லியாகவும் சிறிதாகவும் இருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு நல்லது. உங்கள் ஆறில் நான்கு பெண்ணாக இருந்தால் இழப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. இவை இணையும் விதமே விசித்திரமானது. பெண் தன் வாயை ஆணின் வயிற்றடியில் ஒட்டி விந்தைக் குடித்துவிடுகிறது. அது குடல் வழியே விரைவாகக் கடந்து, பெண் தன் அடித்துடுப்புகளைக் குவித்து ஏந்தும் முட்டைகளின்மேல் வந்து சேர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெண்கலக் கோரியைக் கொண்டே இதை நிரூபித்தார்கள். அதன் பிறகு பெண் முட்டைகளைச் சுமந்து போய்க் கண்ணாடியில் ஒட்டுகிறது. அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக் கூட்டமாக நின்று பார்ப்பது, தொட்டியில் கை விடுவது எல்லாம் வேண்டாம்.

இட்டவுடன் பிளேடு வைத்துச் சுரண்டியதும் சில முட்டைகளைக் கெடுத்திருக்கும். புதிய முட்டையின் ஓடு மென்மையானது. சில மணி நேரம் கழித்து அது இறுகிவிடும். அப்போது விரல் நுனியால் மெல்ல உருட்டினாலே கண்ணாடியை விட்டு வந்துவிடும். ஏஞ்சல் மீன்கள் அதுவரை விட்டுவைக்காது என்பது உண்மை. அதனால்தான் கோரிகளுக்கென ஒரு இரண்டடித் தொட்டியை ஒதுக்கச் சொல்கிறேன். ஏஞ்சலுக்கு 27, 28 டிகிரி பிடிக்கும். கோரி 24, 25-இல் நிம்மதியாக இருக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைப்பது கடைகளில் சொல்லும் அளவுக்குப் பொருத்தமான ஏற்பாடு அல்ல. இடம் மாற்றும்போது வலை வேண்டாம். துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொண்டால் மீனுக்கும் காயம், உங்களுக்கும் குத்து. ஒரு பெரிய குவளையில் தண்ணீரோடு சேர்த்துப் பிடியுங்கள்.

முட்டைகளை இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிவிட்டு, ஏர் ஸ்டோனிலிருந்து மெல்லிய குமிழி மட்டும் வரும்படி வால்வைத் திருகி வையுங்கள். ஃபில்டர் வேண்டாம். மெத்திலீன் புளூ போடுவதென்றால் தண்ணீரின் அடி தெரியும் அளவுக்கு இளநீலமாக இருந்தால் போதும். என் விருப்பம் நாட்டு வாதுமை இலைதான். தெருவோரத்தில் உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையைக் கழுவிப் பாதி போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். பூஞ்சை மட்டுப்படும், பாக்டீரியாவுக்கும் தொல்லையில்லை. எந்த வழியானாலும் காலையும் மாலையும் வெளுத்த முட்டைகளைச் சொட்டுக்குழலால் எடுத்துவிட வேண்டும். பூஞ்சை செத்த முட்டையில் தொடங்கித்தான் அடுத்ததன்மேல் படரும். நல்ல முட்டை தேன் நிறத்துக்கு மாறும். மூன்றாம் நாள் அதனுள்ளே இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரியும்.

25 டிகிரியில் நான்காம் நாள் வாக்கில் பொரியும். முதல் இரண்டு நாளுக்கு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருப் பையே உணவு. அந்த நாட்களில் நீங்கள் போடும் எதுவும் கழிவுதான். பொரிந்ததும் நீலத் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றிவிட்டு, இருபது லிட்டர் தொட்டிக்குக் குஞ்சுகளை மாற்றுங்கள். அதில் வைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பெரிய தொட்டியில் ஒரு மாதமாவது ஓடிப் பழகியதாக இருக்க வேண்டும். எனவே இன்றைக்கே ஒரு உபரி ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் மாட்டிவிடுங்கள். தண்ணீர் ஒரு சாண் உயரம் போதும்.

தரையில் மணல் வேண்டுமா, வெறும் கண்ணாடி போதுமா என்பதில் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி. வெறும் கண்ணாடியைத் துடைப்பது எளிது. ஆனால் துடைக்காவிட்டால் வழவழப்பு படிந்து குஞ்சின் மீசையும் துடுப்பும் அரிக்கும். நான் நைசான மணலை ஒரு சன்னமான அடுக்காகப் போடும் கட்சி. கூர்மையான சரளை மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

தீனிக்கு முதலிடம் அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு கரைத்து, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, பலமாகக் காற்று விட்டு, விளக்கருகே வைத்தால் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரளும். அவற்றை உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும். உப்பும் ஓடும் குஞ்சுத் தொட்டிக்குப் போகக்கூடாது. இது சிரமம் என்றால் ஓட்ஸ் கூழில் வளரும் மைக்ரோ வார்ம் போதும். அது தரைக்கே போய் நெடுநேரம் உயிரோடு நெளிவதால் கோரிக் குஞ்சுக்கு மிகப் பொருத்தமான தீனி. பாக்கெட் தீனியைப் பொடித்துப் போடுவது இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. சாக்கடை ஓரங்களில் சேகரிக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகளிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

தீனி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் சுத்தம். ஏர் பம்ப் குழாயை ஒரு மெல்லிய குச்சியில் கட்டி, மறுமுனையை வெள்ளை நிறக் குவளைக்குள் விட்டு, தரையைக் கோடு கோடாக உறிஞ்சுங்கள். வெள்ளைக் குவளை எதற்கு என்றால், தவறி வந்துவிடும் குஞ்சு அதில் கண்ணிமையிலிருந்து உதிர்ந்த முடி போலத் தெரியும், எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். உறிஞ்சிய அளவுக்கு அதே வெப்பத்தில் இருக்கும் நீரை அதே குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, மூன்று வாரத்துக்கு. விளக்கை அணைக்கும் முன் தரையில் தீனி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மின்வெட்டு உள்ள பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

குஞ்சுகள் அடிக்கடி மேலே பாய்ந்து காற்றைக் கவ்வுவதைப் பார்த்தால் கவனியுங்கள். கோரிகள் குடல் வழியாகவும் சுவாசிக்கக்கூடியவை. எப்போதாவது மேலே வருவது இயல்பு. வரிசையாக எல்லாம் வந்துகொண்டிருந்தால் உடனே கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கும் செலவு இங்கே வீண்போகாது. அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும், அதில் சமரசமில்லை.

ஒரு மாதத்தில் துடுப்புகள் பிரிந்து பெரியவற்றின் சாயல் வந்துவிடும். அப்போது நெருக்கடியும் வரும். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் இரண்டு தொட்டிகளாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளம் வந்ததும் பெற்றோருடன் சேர்க்கலாம். ஏஞ்சல்கள் இருக்கும் தொட்டிக்கு அந்த அளவிலும் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக உங்கள் சக்கர் மீன். கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஒன்றரை அடி வரை வளரும் இனம். ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி முட்டை இடும் அதை வீட்டுத் தொட்டியில் பெருக்க முடியாது. அளவு மீறி வளர்ந்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், குளத்தில் விட்டால் அங்குள்ள நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கர் வகையில்தான் குஞ்சு பார்க்க வேண்டும் என்றால் பிரிஸில்நோஸ் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒரு சிறு மண்குழாயையோ தேங்காய்ச் சிரட்டையையோ குகையாக வைத்தால் ஆண் மீனே உள்ளே இருந்து முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைக்கும். பிறகு அரைவேக்காட்டு வெள்ளரித் துண்டும் ஊறிய மரத்துண்டும் இருந்தால் குஞ்சுகள் வளர்ந்துவிடும். தின்று மிஞ்சிய வெள்ளரியை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.